பறவை போட்ட காசு

சின்னக் காசு கீழே விழுந்தால் இப்போதெல்லாம் யாரும் குனிவதில்லை, ஐயா. நான் குனிவேன். நாணயச் சாலையில் காசைச் சோதித்து அனுப்புகிறவன், பழக்கதோஷம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் காசு முழுத் தாமிரம், ஒரு பக்கம் கதிர் படம். தாமிரம் விலை ஏறியதும் அலுமினியத்துக்கு மாற்றினார்கள்; விளிம்பில் பூவிதழ் போல வளைவு. ஊதினால் பறக்கும் என்று கடைக்காரர்கள் கேலி செய்தார்கள். அப்புறம் வந்ததுதான் பறவைப் படம் போட்ட காசு. உள்ளே துத்தநாகம், மேலே தோல் மாதிரி தாமிர முலாம். நிறத்தைப் பார்த்தால் பழைய தாமிரக் காசேதான். ஆனால் துத்தநாகத்துக்குப் புளிப்பு ஆகாது. முலாம் விட்ட காசை அமிலத்தில் போட்டால் நுரைத்துக் கரையும். எங்கள் சோதனையே அதுதான்.

முதல் தொகுதியில் பல காசுகளுக்குச் சிறகோரத்தில் முலாம் பிளந்திருந்தது. பார்த்தேன். மேலாளர் பின்னால் வந்து நின்றார்.

"என்னப்பா, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி பார்த்துக்கிட்டிருக்கே? வெளியே லாரி நிக்குது."

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு தொகுதியைத் திருப்பி அனுப்பி வேலையை இழந்தவர். நான் முத்திரை குத்திவிட்டேன். அன்றிலிருந்து வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்துபோய் எட்டிப் பார்ப்பேன்.

கணவனை இழந்த என் தங்கை தன் மகளோடு என் வீட்டில்தான் இருந்தாள். குழந்தைக்குப் பறவை என்றால் உயிர். பையிலிருந்த புதுக் காசை எடுத்து நான்தான் கொடுத்தேன். கெட்ட எண்ணம் ஏதுமில்லை.

"அண்ணா, பாப்பா காசை முழுங்கிட்டா. ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க."

"நீயும் சின்ன வயசுல முழுங்கினவதானே. மறுநாள் தானா வந்துடலையா? வாழைப்பழம் குடு."

சொன்னது பொய்யில்லை. தங்கை அன்று விழுங்கியது தாமிரக் காசு. அதை மட்டும் நான் சொல்லவில்லை.

மருத்துவர் காசை எடுத்தால் வயிற்று அமிலத்தில் அது அரித்திருப்பதைப் பார்ப்பார். ஏன் என்று கேட்பார். கேள்வி என் முத்திரையில் வந்து நிற்கும். வேலை போகும், சிறைக்கும் போகவேண்டியிருக்கும்.

குழந்தை வாந்தியெடுக்க ஆரம்பித்தாள். "உள்ள எரியுது மாமா" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பழச்சாறு மட்டும் கொடுக்காதே என்று தங்கையிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அந்த அளவுக்கு எனக்கு அக்கறை இருந்தது.

"எனக்கென்னமோ மனசு ஒப்பல அண்ணா."

"வயித்தைக் கிழிச்சுப் போட்டுடுவாங்க. உனக்குச் சம்மதம்னா கூட்டிட்டுப் போ."

அவள் கஞ்சி வைக்கச் சமையலறைக்குப் போனாள். அடுத்த வாந்தியில் ரத்தம் இருந்தது. தங்கை அப்போதும் சமையலறையில்தான் இருந்தாள். வருவதற்குள் துடைத்து, துணியை அலசிப் பிழிந்து கொடியில் போட்டேன்.

கடைசியில் நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரி இருவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். நான் போய்ச் சேர்ந்தபோது மருத்துவர் இடுக்கியில் காசைப் பிடித்திருந்தார். எலி கடித்த அப்பளம் போல ஓரமெல்லாம் ஓட்டை. பறவை இல்லை. "இது எந்தக் காசு?" என்றார். "ஏதோ பழசு" என்றேன். உள்ளே இரைப்பை ஓட்டையாகி ரத்தம் நிற்கவில்லை. குழந்தை பிழைக்கவில்லை.

அதே காசுதான் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. ஆமாம், எனக்குத் தெரியும். விழுங்கினாள் என்று கேட்ட கணமே தெரியும். தெரிந்துதான் தடுத்தேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தங்கையிடம் இதைச் சொல்லவேண்டாம். மகளையும் இழந்து நிற்கிறாள், மனம் தாங்கமாட்டாள். பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?