கீச்சொலிக்கு ஒரு வடிகட்டி

கையில் வைத்து ஆடும் வீடியோ கேம் கருவிக்கு நல்ல ஸ்பீக்கர் போட எந்தக் கம்பெனிக்கும் மனசு வராது. திரைக்கு அள்ளிக் கொடுப்பார்கள், காதுக்குக் கிள்ளிக் கொடுப்பார்கள். அந்தக் கருவிகளுக்கு இசை போட்டுத்தான் நானும் உங்கள் தங்கையும் இத்தனை வருடம் குடும்பம் நடத்தினோம். நீங்கள் கேட்டு வந்திருக்கிறீர்கள், மச்சான். ஒளிக்காமல் சொல்கிறேன்.

மெட்டு அவளுடையது. ஒலியைச் சுத்தம் செய்வது என் வேலை. போன கோடையில் வந்த கருவியில், திரை வெளிச்சத்தைக் கூட்டினால் பாட்டுக்குப் பின்னால் மெல்லிய கீச்சொலி வருகிறது என்றாள்.

"ஏங்க, நிஜமாவே உங்களுக்குக் கேக்கலையா? ஊசி மாதிரி குத்துதே."

எனக்குக் கேட்கவில்லை. வயது ஏறினால் உச்ச ஒலிகள்தான் முதலில் கைவிடும். அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. குத்துமதிப்பாக மேல் ஒலிகளையெல்லாம் வெட்டிக் கொடுத்தேன். கீச்சு போனது, கூடவே அவள் போட்டிருந்த மணியோசையின் உயிரும் போனது. அவள் உட்கார்ந்து கீச்சு இருந்த இடத்தை மட்டும் மயிரிழையாக எடுத்துவிட்டு, மணியோசையை அப்படியே விட்டாள். கம்பெனிக்காரர் என்னிடமே போனில் சொன்னார்: "இனிமே மேடம் கேட்டு ஓகேன்னா போதும் சார். நீங்க சிரமப்பட வேணாம்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே போனை அவளிடம் கொடுத்தேன்.

அவளுடைய ஹெட்போன் வயர் மேசைக்கடியில் ஒரு சின்னப் பெட்டி வழியாகப் போகும். அதற்குள் ஒரு வடிகட்டியை வைத்தேன். அது உச்ச ஒலிகளை மட்டும் தடுக்கும். தடாலடியாக எதுவும் செய்யவில்லை. அது தடுக்கும் எல்லையை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன்.

"என் காது போகுதுங்க," என்று அழுதாள். டாக்டர் சோதித்துவிட்டு, காது நன்றாக இருக்கிறது என்றார்.

"அவங்க மெஷினப் பாக்குறாங்க, மனுஷிய எங்க பாக்குறாங்க," என்று நான்தான் ஆறுதல் சொன்னேன்.

பேச்செல்லாம் சரியாகக் கேட்கிறதே என்பாள். பேச்சுக்கு அவ்வளவு காது தேவையில்லை என்பேன்.

காணாமல் போன மணியோசையைத் தேடி அவள் வால்யூமைக் கூட்டினாள். நாள் முழுக்க அப்படியே கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி வைத்தால் அடுத்த அறையில் இருக்கும் எனக்கே பாட்டு கேட்கும். அப்படிக் கேட்டால் காது என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், என் தொழிலே அதுதானே. தேநீரை மேசையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடுவேன்.

இரண்டாவது முறை போனபோது டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றைக்கே வடிகட்டியைக் கழற்றினேன். அதற்கு மேல் அது தேவைப்படவில்லை. கம்பெனிக்காரர் இப்போது மறுபடி என்னைத்தான் கூப்பிடுகிறார். அவளுக்கோ, கருவியை அணைத்தாலும் தலைக்குள் ஒரு கீச்சொலி ஓயாமல் கேட்கிறதாம். "இதையாவது எப்படியாச்சும் எடுத்துடுங்களேன்," என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது.

செய்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் நியாயமாக யோசிக்க வேண்டும், மச்சான். நான் ஒலியைக் குறைத்தேனே தவிர ஒரு நாளும் கூட்டவில்லை. வால்யூமைத் திருகியதெல்லாம் உங்கள் தங்கையின் கைதான்.