ப்ளக் போடக் கூடாத கிட்டார்

மெக்கானிக்: ...வாங்கலாமா வேண்டாமான்னு சொல்லுங்கறீங்க. ப்ளக் மட்டும் போடக் கூடாதுங்கறீங்க. மேடம், இது எலெக்ட்ரிக் கிட்டார். கரண்ட் குடுக்காம பார்த்தா வெறும் கட்டை.

வந்தவள்: கட்டையாவே பாருங்க. பார்த்துச் சொல்லத்தானே உங்களைக் கூட்டிட்டு வந்தேன்.

மெக்கானிக்: அப்போ இந்த ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிட்டு மூணு மாடி ஏறினது எதுக்கு? உடம்பு இளைக்கவா?

வந்தவள்: நான் தூக்கிட்டு வரச் சொன்னேனா?

வீட்டுக்காரம்மா: உங்க சண்டையைக் கீழ போய் வச்சுக்கோங்க. அந்தத் துணியைத் தள்ளிட்டு உட்காருங்க ரெண்டு பேரும். ஆஸ்பத்திரிக்குத் திரை தைக்கறேன்... சாயங்காலம் ஆள் வந்துடுவாங்க.

மெக்கானிக்: பரவால்லம்மா, நிக்கறேன். உட்கார்ந்தா எந்திரிக்க மாட்டேன். ம்... நெக் நேரா நிக்குது. இத்தனை வயசுக்கு இப்படி நிக்கறது பெரிய விஷயம். என்னையே பாருங்க, அதுக்குள்ள வளைஞ்சுட்டேன்.

வந்தவள்: கிட்டாரைப் பத்திச் சொல்லுங்க.

மெக்கானிக்: கிட்டாரைப் பத்தித்தான்... விரல் அழுத்தற ஃப்ரெட் கம்பியெல்லாம் தேய்ஞ்சிருக்கு. இந்த நடுப் பக்கம் மட்டும். வாசிச்ச ஆள் பேய் மாதிரி வாசிச்சிருக்கான்.

வீட்டுக்காரம்மா: ஆமா. சோறு ஆறிப்போகும், எந்திரிச்சு வர மாட்டான்.

வந்தவள்: யாரு?

வீட்டுக்காரம்மா: வாசிச்சவன். நீங்க பாருங்க.

மெக்கானிக்: உள்ள சத்தத்தைப் பிடிக்கற பிக்கப் ரெண்டும் ஒரிஜினல். யாரும் கை வைக்கல. இந்த ஒரு வால்யூம் திருகு மட்டும்... இது ஏதோ பழைய ரேடியோவோடது. யாரோ வீட்ல கிடந்ததை மாட்டிருக்காங்க. இதென்ன, கம்பியெல்லாம் தலைகீழா இருக்கு?

வந்தவள்: தலைகீழான்னா?

மெக்கானிக்: தடிச்ச கம்பி மேல வரணும், இதுல கீழ இருக்கு. வாசிச்சவன் இடது கைக்காரன் மேடம். வலது கை கிட்டாரைத் திருப்பிப் பிடிச்சு வாசிச்சிருக்கான். உங்க வீட்ல யார் வாசிக்கப் போறது? அவங்களும் இடது கையா?

வந்தவள்: யாரும் வாசிக்கப் போறதில்ல. சுவத்துல மாட்டறதுக்கு.

மெக்கானிக்: சுவத்துலயா? இதையா?

வந்தவள்: அழகா இருக்குல்ல...

மெக்கானிக்: மேடம், என் முன்னாடி அப்படிச் சொல்லாதீங்க. எனக்கு நெஞ்சு வலி வந்துடும். சுவத்துக்குப் படம் வாங்குங்க, கடிகாரம் வாங்குங்க. இது...

வீட்டுக்காரம்மா: சுவத்துல மாட்டறதுக்கு இந்தக் கிட்டார்தான் வேணும்னு எப்படித் தோணுச்சு உங்களுக்கு?

வந்தவள்: விளம்பரம் பார்த்தோம்... பார்த்தேன். படம் பிடிச்சிருந்தது.

வீட்டுக்காரம்மா: பார்த்தோமா, பார்த்தேனா?

வந்தவள்: எல்லாம் ஒண்ணுதான். விலையைக் கொஞ்சம் பார்த்துச் சொன்னீங்கன்னா...

மெக்கானிக்: இருங்க மேடம். நான் உங்க பக்கம் வந்தவன், இதைச் சொல்லக் கூடாது. ஆனா மனசு கேட்கல. அம்மா, நீங்க போட்டிருக்கற விலை இதோட பெட்டிக்கே பத்தாது. யாராவது உங்களை ஏமாத்திச் சொல்லிட்டாங்களா?

வந்தவள்: உங்களை எதுக்குக் கூட்டிட்டு வந்தேன் நான்?

மெக்கானிக்: உண்மையைச் சொல்ல.

வீட்டுக்காரம்மா: விலை எனக்குத் தெரியும் தம்பி. தெரிஞ்சுதான் போட்டிருக்கேன்.

மெக்கானிக்: அதான் புரியல. எங்க கடைக்கு எதிர்ல ஒரு மியூசிக் பேண்டுக்காரர் இருக்கார். அவர் இதைப் பார்க்க உங்ககிட்ட வந்தாராம். உள்ள பூச்சி அரிச்சிருக்கு, வேண்டாம்னு நீங்களே சொல்லி அனுப்பிட்டீங்களாம். பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. விக்கறவங்களே குறை சொல்லி விரட்டறதை நான் எங்கயும் பார்த்ததில்ல.

வீட்டுக்காரம்மா: அவருக்குக் குடுக்கப் பிடிக்கல.

மெக்கானிக்: எங்களுக்கு?

வீட்டுக்காரம்மா: அதைத்தான் யோசிச்சுட்டு இருக்கேன்.

மெக்கானிக்: சரி, நீங்க யோசிங்க. மேடம், ஒரே ஒரு தடவை சத்தம் கேட்டுடலாம். கேட்காம வாங்கினா பொண்ணு பார்க்காம கல்யாணம் பண்ற மாதிரி. இந்தச் சுவத்துல ப்ளக் பாயிண்ட்...

வந்தவள்: வேண்டாம்.

மெக்கானிக்: ரெண்டே நிமிஷம். ஒயர் கையிலதான் இருக்கு...

வந்தவள்: வேண்டாம்னு சொல்றேன்ல. கையை எடுங்க. முதல்ல அந்த ஒயரைக் கீழ போடுங்க... போடுங்க சார்.

மெக்கானிக்: போட்டுட்டேன். போட்டுட்டேன் மேடம். என்ன ஆச்சு? மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போச்சு.

வந்தவள்: ஒண்ணுமில்ல. எனக்கு... கரண்ட்னா பயம்.

வீட்டுக்காரம்மா: உங்களுக்கா?

வந்தவள்: ஆமா. சின்ன வயசுலேர்ந்து.

வீட்டுக்காரம்மா: உள்ள வந்ததும் பேசறது கேட்கலன்னு என் தையல் மிஷின் ஸ்விட்சை ஆஃப் பண்ணினது யாரு? ப்ளக்கையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்டீங்களே. பயந்த கை மாதிரி இல்லையே அது.

வந்தவள்: அது வேற...

வீட்டுக்காரம்மா: ப்ளக் போட விடக் கூடாதுன்னு உங்களுக்கு யார் சொல்லி அனுப்பினது?

வந்தவள்: யாரும் சொல்லல.

வீட்டுக்காரம்மா: கம்பியைத் தொட்டுக்கிட்டு தண்ணிக் குழாயைத் தொடாதேன்னு சொல்லி அனுப்பினாங்களா?

மெக்கானிக்: என்ன, ரெண்டு பேரும் எங்கயோ போயிட்டீங்க. எனக்கு ஒண்ணும் புரியல.

வந்தவள்: குழாய் இருக்கற பக்கமே போகாதேன்னார். உங்களுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்காரம்மா: 'ன்னார்'னா... யாரு?

வந்தவள்: என் வீட்டுக்காரர். அவருக்குத்தான் பயம். எங்க வீட்ல பல்ப் மாத்தறதே நான்தான். மிக்ஸி ஓடினா அவர் வாசல்ல போய் நிப்பார். முதல்ல நானும் கேலி பண்ணிட்டிருந்தேன்... அப்புறம் விட்டுட்டேன்.

மெக்கானிக்: அவர் சொன்னதுல தப்பில்ல. கிட்டார் மேல குத்தம் கிடையாது, குத்தமெல்லாம் பழைய ஆம்ப்ளிஃபயர் மேல. எர்த் இல்லேன்னா உள்ள கசியற கரண்ட் ஒயர் வழியா இந்தக் கம்பிக்கு வந்துடும். கம்பியை மட்டும் தொட்டா ஒண்ணும் தெரியாது. இன்னொரு கை குழாயைத் தொட்டுதுன்னா, அவ்வளவுதான். தூக்கி அடிச்சிடும்.

வீட்டுக்காரம்மா: தூக்கி அடிக்கல தம்பி. பிடிச்சுக்கிச்சு. விடவே இல்ல.

மெக்கானிக்: ...நீங்க பார்த்தீங்களாம்மா?

வீட்டுக்காரம்மா: இந்த வீடு இல்ல, பழைய வீடு. கூடத்துலயே கை கழுவற தொட்டி இருந்துது. என் தம்பி இதை வாங்கி வந்து ரெண்டு வருஷம் இருக்கும். ரெண்டாம் கை, மூணாம் கை... யார் யார் கையெல்லாம் மாறி வந்ததோ. ஆம்ப்ளிஃபயர் அதைவிடப் பழசு. அவன் ராப்பகலா வாசிப்பான். காது கிழியுதுன்னு நான் கத்துவேன். அன்னைக்கு வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்த மனுஷன், எனக்கும் ஒரு தடவை குடுடான்னு வாங்கிக் கழுத்துல மாட்டிக்கிட்டார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கல. கண்ணாடியைப் பார்த்து இடுப்பை வேற ஆட்டறார்...

மெக்கானிக்: அப்புறம்?

வீட்டுக்காரம்மா: தொட்டில குழாய் ஒழுகிட்டிருந்துது. மூடலாம்னு கையை நீட்டினார். சிரிச்சுக்கிட்டேதான் நீட்டினார். ஒரு சத்தம் வரல அவர் வாயிலேர்ந்து. நாங்க அதையும் நடிப்புன்னு நினைச்சுச் சிரிச்சுக்கிட்டே நின்னோம்.

மெக்கானிக்: அட கடவுளே.

வீட்டுக்காரம்மா: தம்பிதான் முதல்ல புரிஞ்சுக்கிட்டுப் போய் ப்ளக்கைப் பிடுங்கினான். விழுந்தவர் விழுந்தவர்தான். மூச்சு இல்ல. பக்கத்து வீடு, எதிர் வீடுன்னு எல்லாரும் ஓடி வந்துட்டாங்க. யாரோ நெஞ்சுல குத்தறாங்க, யாரோ தண்ணி தெளிக்கறாங்க. கூட்டத்துல ஒரு ஆள், போயிடுச்சு, எல்லாம் முடிஞ்சுதுன்னு கத்தினான். அது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. தெரிஞ்சா... சரி விடுங்க. நான் நிமிர்ந்து பார்த்தா தம்பியைக் காணோம். செருப்பு வாசல்லயே கிடக்கு. வெறுங்காலோட ஓடிட்டான்.

வந்தவள்: அவர் பாதத்துல ஒரு வெட்டு...

வீட்டுக்காரம்மா: என்ன?

வந்தவள்: இல்ல. சொல்லுங்க.

வீட்டுக்காரம்மா: சொல்ல என்ன இருக்கு? அதுக்கப்புறம் அவன் வரல. தேடாத இடமில்ல. போலீஸ், பேப்பர், ரேடியோ... அவனோட படிச்சவன், அவனுக்குக் கடன் குடுத்தவன் ஒருத்தனையும் விடல. பிரயோஜனமில்ல.

வந்தவள்: அப்பா கண்ணு முன்னாடியே செத்துப்போனா யாரால திரும்பி வர முடியும்? அதுவும் தன்னோட கிட்டாரால. அவர் மேல என்ன தப்பு இருக்கு...

வீட்டுக்காரம்மா: நான் எப்போ அப்பான்னு சொன்னேன்?

வந்தவள்: இப்போ... சொன்னீங்களே.

வீட்டுக்காரம்மா: மனுஷன்னு சொன்னேன். அவர்னு சொன்னேன். அப்பான்னு சொல்லல. நீங்க சொல்லுங்க தம்பி, நான் சொன்னேனா?

மெக்கானிக்: இல்லம்மா. நான் மாமா யாராவது இருக்கும்னு நினைச்சேன்.

வீட்டுக்காரம்மா: இந்தக் கிட்டார் விக்கறதுக்கில்ல. எப்பவுமே இல்ல. எந்த விளம்பரத்துக்கும் அசையாதவன், இதோட முகரையைப் பார்த்தா அசைவான்னு ஒரு நம்பிக்கை. அதான் படத்தைப் போட்டு வச்சேன். ரேடியோ திருகு நல்லாத் தெரியற மாதிரி நானே எடுத்த படம். வந்தவங்களையெல்லாம் பூச்சின்னும் விரிசல்னும் சொல்லித் துரத்தினேன். வாசிக்க வந்தவங்க எல்லாரும் முதல்ல ப்ளக் எங்கன்னுதான் கேட்டாங்க. ப்ளக் போடாதேன்னு சொல்லிட்டு வந்தது நீ ஒருத்திதான். யாரும்மா நீ?

வந்தவள்: எனக்கு... எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல.

மெக்கானிக்: மேடம், உட்காருங்க. அந்தத் திரைத்துணி மேலயே உட்காருங்க, பரவால்ல.

வந்தவள்: அவருக்கு யாருமே இல்லைன்னுதான் சொன்னார். எங்க கல்யாணத்துக்கு அவர் பக்கம் ஒரு ஆள் வரல. அப்பா கரண்ட்ல போயிட்டார்னார். அம்மா முன்னாடியே இல்லைன்னார். கூடப் பிறந்தவங்களான்னு கேட்டா எந்திரிச்சுப் போயிடுவார். போன வாரம் இந்தப் படத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்த இடத்துலயே இருந்தார். யாரோ இதை விக்கறாங்க, விவரம் தெரியாம எவனாவது வாங்கி ப்ளக் போட்டுடுவான், நாம வாங்கி உடைச்சுடணும்னார். வேற ஒண்ணும் சொல்லல. நிஜமா வாங்கற மாதிரி தெரியட்டும்னுதான் இவரைக் கூட்டிட்டு வந்தேன். இது அவரோடதுன்னே எனக்கு இந்த நிமிஷம் வரைக்கும்...

மெக்கானிக்: உடைக்கவா வாங்க வந்தீங்க?

வீட்டுக்காரம்மா: நல்லா இருக்கானா?

வந்தவள்: இருக்கார். எழுதறது இடது கை. சாப்பிடறது வலது கை.

வீட்டுக்காரம்மா: அப்பா அடிச்சு மாத்தினது. சாப்பாட்டுக் கையை மட்டும்தான் மாத்த முடிஞ்சுது... நான் யாருன்னு அவனுக்குத் தெரியுமா? தெரிஞ்சா உன்னை அனுப்பினான்?

வந்தவள்: தெரியாது. யாரோ கைமாத்தி விக்கறாங்கன்னு நினைச்சார். நீங்க... எனக்கு நாத்தனார். அண்ணின்னு கூப்பிடலாமா? கல்யாணமாகி எட்டு வருஷமா அவர் பக்கம் ஒருத்தரும் இல்லைன்னு நினைச்சு... அப்பா இல்லாம நீங்க தனியா எப்படிச் சமாளிச்சீங்க?

வீட்டுக்காரம்மா: அப்பா இல்லைன்னு யார் சொன்னது?

வந்தவள்: ...இப்போ நீங்கதானே. மூச்சு இல்லைன்னு.

வீட்டுக்காரம்மா: மூச்சு இல்ல. அப்புறம் வந்துது. அந்த நெஞ்சுல குத்தின புண்ணியவான் விடாம குத்தினதுல ஆம்புலன்ஸ்ல வச்சு வந்துது. ரெண்டு விரல் மடங்காது, காது கொஞ்சம் மந்தம். மத்தபடி ஒரு குறையும் இல்ல. முடி வெட்டிக்கப் போயிருக்கார்.

மெக்கானிக்: என்னது?

வீட்டுக்காரம்மா: முடி வெட்டிக்க. இருக்கறது நாலு முடி. அதுக்கு அந்த சலூன்காரனோட அரை நாள் அரசியல் பேசுவார்.

மெக்கானிக்: அம்மா, கீழ போட்டுடுவேன் போலிருக்கு. இந்தக் கிட்டாரை யாராவது வாங்கிக்கோங்க.

வீட்டுக்காரம்மா: இன்னொண்ணும் கேட்டுக்கோ. அவன்கிட்ட அதைச் சொல்லத்தான் இத்தனை நாள் தேடறேன். ஆம்ப்ளிஃபயர் ஒயர்ல எர்த் முள் இருந்துது. அந்த வீட்டுச் சுவத்துல ரெண்டு ஓட்டைதான். பொருந்தலன்னு எர்த் முள்ளைக் கொறட்டால முறிச்சுப் போட்டது அப்பாதான். பையன் வாசிக்க ஆசைப்படறானேன்னு அவனுக்குத் தெரியாம முறிச்சு, மாட்டிக் குடுத்தார். கண்ணு முழிச்சதும் முதல்ல கேட்டது அவனைத்தான். நான் பண்ணினதுக்குப் பிள்ளை ஓடிட்டானே, நான் பண்ணினதுக்குப் பிள்ளை ஓடிட்டானேன்னு... இன்னைக்கும் தட்டுல கை வைக்கும்போது அதான் சொல்வார்.

வந்தவள்: இருங்க. இருங்க அண்ணி, இனிமே நீங்க பேச வேண்டாம்.

வீட்டுக்காரம்மா: ஏம்மா?

வந்தவள்: என் ஹேண்ட்பேக்ல... யாரும் ப்ளக் போட்டுடக் கூடாதே, எனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதேன்னு ஃபோனைக் கட் பண்ணாம வச்சிருக்கச் சொன்னார். உள்ள வந்ததுலேர்ந்து லைன்லதான் இருக்கார்.

மெக்கானிக்: எல்லாத்தையும் கேட்டாரா?

வந்தவள்: ஹலோ... என்னங்க... இருக்கீங்களா? ஏதாவது பேசுங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.

வீட்டுக்காரம்மா: டேய்... தம்பி. டேய், மூச்சு விடற சத்தம் கேட்குதுடா. பேசு. எங்கடா இருக்க?

ஃபோனில்: ...அக்கா. நான் கீழதான் இருக்கேன், உங்க மாடிப்படிகிட்ட. இப்போ ஒரு பெரியவர், கழுத்தெல்லாம் வெட்டின முடி... கொஞ்சம் நகருப்பான்னு என்னைச் சொல்லிட்டு மேல ஏறி வர்றார்க்கா.