மாதா காலடிக்கு ஓடும் வரிகள்

— நாற்காலியைக் கீழ வை ஒஃபேலியா. மாடிக்கு ஒரு ஆளும் போகக் கூடாது.

— விளையாடறியா அண்ணா? என் பொண்ணு மரிசோலுக்குப் பதினஞ்சு வயசு ஒரு தடவைதான் வரும். பூசை முடிஞ்சு தெருவே வந்துட்டிருக்கு. அவ வால்ஸ் நடனம் ஆடறதுக்குன்னே கட்டின மாடி!

— மேல பாரு. தளம் நடுவுல தொங்குது, தெரியுதா? நான் குறுக்க ஒரு உத்தரம் போடற வரைக்கும் அடியில முட்டுக்கட்டை நிக்கணும்னு சொன்னேனா இல்லையா? யார் எடுத்தது?

— நான்தான். மாதா மாடத்தை மறைச்சுக்கிட்டு நின்னுச்சு. காங்கிரீட்டுதான் கல்லா இறுகிடுச்சே?

— இறுகினா போதுமா? அடியில அந்த நெளி தகட்டைப் பாரு. வரி எந்தப் பக்கம் ஓடுதோ, மேல நிக்கறவன் பாரமும் அந்தப் பக்கம்தான் நடக்கும். குறுக்கால போட்டிருந்தா சட்டுனு ரெண்டு சுவத்துலயும் போய் உக்காந்திருக்கும். இது நீளவாக்குல கிடக்கு. வாசல்ல இருந்து மாடம் வரைக்கும் தாங்க நாதியில்ல. பக்கத்து வரி ஏதோ கொஞ்சம் கை கொடுக்கும். அத்தனை பேர் ஒரே தாளத்துல குதிச்சா அது எந்த மூலைக்கு?

— ஐயோ மாதாவே.

— எல்லாம் நிக்கானோர் பண்ண வேலை. நான் அத்லிஸ்கோ போயிட்டு வர்றதுக்குள்ள தகட்டைத் திருப்பிப் போட்டு, காங்கிரீட்டும் கொட்டிட்டான். என் மகனுக்கு ஞானத்தகப்பன், எனக்குக் கொம்பாத்ரே வேற!

— அவனைத் திட்டாத.

— அன்னைக்குத் திட்டினதே பத்தாது.

— பத்தும் அண்ணா. காங்கிரீட் போட்ட விருந்துல தெருவே உக்காந்து கறி சாப்பிடறப்ப "குடிகாரப் பயலே"ன்ன. வாயில வச்சதைக்கூட முழுங்காம, தட்டைக் கீழ வச்சுட்டுப் போனான்.

— உனக்கென்ன அவன்மேல அவ்வளவு கரிசனம்?

— திருப்பிப் போடச் சொன்னது நான்.

— என்னது?

— கதவைத் திறந்ததும் வரியெல்லாம் நேரா மாதா காலடிக்கு ஓடினா அழகா இருக்கும்னு பாத்தேன். பாரம் அதுலதான் நடக்கும்னு எனக்கென்ன தெரியும்? நீ கத்தறப்பவே சொல்லியிருக்கணும். அத்தனை பேருக்கு முன்னாடி வெக்கமாப் போச்சு. அடுப்படிக்குள்ள போய் நின்னுக்கிட்டேன்.

— அடிப்பாவி! இனிமே அவன் முகத்துல எப்படி முழிப்பேன்? இரு. அழகா இருக்கும்னு நீ சொன்னதுக்காகத் தகட்டைத் திருப்பற ஆள் இல்லையே அவன்?

— மாட்டேன்னுதான் சொன்னான் முதல்ல.

— அப்புறம்?

— அண்ணா... வாசல்ல யாரோ...

— கொம்பாத்ரே, வரலாமா? முட்டுக்கட்டையெல்லாம் வெளிய கிடக்கறதைப் பாத்துட்டு, மனசு கேக்கல. இந்தா, ஒரு கை பிடி. நடுவுல குறுக்கு வரிசையா நிறுத்திடலாம்.

— நிக்கானோர், அன்னைக்கு நான் அந்தப் பேச்சு பேசினேனே. ஏன்யா வாயைத் திறக்கல நீ?

— மெதுவா. ஆளுங்க வர்றாங்க. பயப்படாத, உன் பேர் கெடாது. தகட்டைத் திருப்பிப் போடச் சொன்னது நீதான்னு ஒஃபேலியா வந்து சொன்னாளே, அதை என் பொண்டாட்டிகிட்டகூட நான் மூச்சு விடல.