ஆறாவது வளைவில் ஒரு டிரம் செட்

மாலை ஐந்தே முக்கால். நடு இரவு இல்லை, கவனியுங்கள்... ஐந்தே முக்கால்தான். ஆனால் ஆனி மாதத்து மூடுபனிக்கு மணி ஏது? போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்கும் மலைச்சாலை. முன்னால் போகிற வண்டியின் பின்விளக்குகூடத் தெரியவில்லை. ஒற்றை ஜீப் இறங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கம் சாக்கில் சுற்றிக் கயிறு போட்ட பழைய டிரம் செட். ஓட்டியவன் முனீஸ்வரன்.

அடுப்புப் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். சாலையில் விழுந்து கிடக்கிற மரத்தை அறுத்து எடுக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமாம். இந்த முனீஸ்வரன் என் சகலைக்குத் தம்பி முறை. என்னைப் போலவே சுற்றுலா ஜீப் ஓட்டியவன். இட்டுக்கட்டியது இல்லை... அவன் வாயால் சொன்னது.

டிரம் செட் அவன் அண்ணன் சுடலையுடையது. எஸ்டேட் கிளப்பை மூடியபோது ஏலத்தில் எடுத்தது. வெள்ளைக்கார மேனேஜர் காலத்துச் சரக்கு. உடம்பெல்லாம் ஜிகினாச் சிவப்பு. சுடலை வாசிக்க உட்கார்ந்தால் மாரியம்மனே எழுந்து வந்து முன்வரிசையில் நிற்பாள் என்று எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் கேலி பேசுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் போடியில் கச்சேரி முடித்துத் தனியாக வந்தவனின் பிக்கப் வண்டி, ஆறாவது வளைவில் உருண்டுவிட்டது. மறுநாள் காலையில்தான் தெரிந்தது. டிரம் முழுசாகக் கிடைத்தது. ஆள்தான் உயிரோடு இல்லை.

அவன் மகள் சித்ராவுக்கு இந்த வருடம் நர்சிங் சீட் கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் சீட் அடுத்த பெண்ணுக்கு. "நான் இருக்கேன்த்தா" என்று சொல்லிவிட்டான் முனீஸ்வரன். கையில் பணம் இல்லை. டிரம் செட்தான் இருந்தது. யாரோ சொல்லி, கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை பார்க்கும் ஸ்ரீஜித் என்பவரைப் பிடித்தான். பழைய டிரம் வாங்கிச் சேர்க்கிற பைத்தியம் அவருக்கு.

போனிலேயே விலை பார்க்க ஆரம்பித்தார் ஸ்ரீஜித். ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் டார்ச் அடித்து, கம்பெனி பொறித்த எண்ணைப் பார்க்கச் சொன்னார். எல்லா எண்ணும் ஒரே வரிசையில் இருந்தால் விலை ஏறும். புதிதாகத் துளை போட்டிருந்தால் இறங்கும். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு லட்சத்து இருபது என்றார். முனீஸ்வரனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்புறம் செட்டோடு சேர்ந்த பித்தளைத் தட்டின் படத்தை அனுப்பினான்.

"ஏனுங்க, தட்டு இப்படிப் பளபளங்குது? எதையாச்சும் போட்டு வெளக்குனீங்களா?"

"மதினி புளி போட்டு வெளக்கிட்டாங்க சார். விக்கிற பொருளு அழுக்கா இருக்கக் கூடாதுன்னு..."

"போச்சுங்க. அந்தப் பழைய நெறத்துக்குத்தானுங்க காசு. இருபதாயிரம் போச்சு."

சுடலையின் மனைவி செல்வப்பிரியா, குத்துவிளக்கு விளக்குகிற மாதிரி ஒரு நாள் பூராத் தேய்த்திருந்தாள், பாவம். இரண்டு லட்சம் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை, பெரிய டிரம்மைப் புரட்டிப்போட்டு அடிப்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினான். பதில் வரவில்லை. அரை மணி கழித்து ஸ்ரீஜித்தே கூப்பிட்டார்.

"ஏனுங்க... அடியில உள்ளங்கை அகலத்துக்குக் குழி குழியா இருக்கே, அது என்னதுங்க?"

"வண்டி உருண்டப்ப அடிபட்டிருக்கும் சார்."

"இல்லீங்க. உருண்டா மரம் கீறும், ஒடையும். இது யாரோ ஒரே எடத்துல கல்ல வெச்சுத் தட்டுனதுங்க. ரெண்டு, எடவெளி, ஒண்ணு... மறுபடியும் ரெண்டு, ஒண்ணு. இவ்வளவு குழியணும்னா ராத்திரி பூராத் தட்டியிருக்கோணும். நேருல பாக்காம வெல சொல்ல மாட்டேனுங்க. கொண்டாங்க."

முனீஸ்வரன் போனைக் கீழே வைத்துவிட்டான். டிரம்மை அவசரமாகச் சாக்கால் மூடினான். ஏன் தெரியுமா?

இந்த மலையில் ஜீப் ஓட்டுகிற எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வளைவில் கீழே இருந்து சத்தம் கேட்டால் நிறுத்தக் கூடாது. பதில் குரல் கொடுக்கக் கூடாது. வண்டியில் இருக்கும் எலுமிச்சம்பழத்தில் குங்குமம் தடவி, பள்ளத்தில் எறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். அண்ணன் வண்டி உருண்ட அன்று ராத்திரி எட்டு மணிக்கு, முனீஸ்வரன் அதே வளைவைக் கடந்தான். கீழே சத்தம் கேட்டது. டொம் டொம்... டொம். பின்னால் இருந்த டூரிஸ்டுகள் பயந்துபோனார்கள். "கருப்பசாமி, காப்பாத்து" என்று பழத்தை எறிந்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தான்.

சுடலையின் உயிர் விடியற்காலை நான்கு மணிக்குத்தான் போனது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முனீஸ்வரன் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அது வேறு ஏதோ சத்தம் என்று இரண்டு வருடமாகத் தன்னையே நம்ப வைத்துக்கொண்டிருந்தான். விலை பார்க்க வந்த மனிதர் ஒரே படத்தில் அதை உடைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டிரம்மை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். ராத்திரி முழுக்க ஓட்டினால் காலையில் கஞ்சிக்கோடு, மதியத்துக்குள் சித்ரா கணக்கில் பணம். அதைத் தவிர வேறெதையும் நினைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினான்.

ஆறாவது வளைவு வந்தது. சூடான கிளட்ச் வாசனை. ஈர மண் வாசனை. அப்புறம்...

டொம் டொம்... டொம்.

பின்னால் டிரம்தான் ஆடுகிறது என்று நினைத்தான். வண்டியை நிறுத்தி, கயிற்றை இழுத்துப் பார்த்தான். கயிறு விறைப்பாக இருந்தது. சத்தம் கீழே இருந்து வந்தது.

கை தானாக எலுமிச்சம்பழத்தைத் தேடிப் போனது. எடுத்தவன் அதை எறியவில்லை. டேஷ்போர்டிலேயே திரும்ப வைத்தான். "அண்ணே... வந்துட்டேண்ணே" என்று கத்தினான். வீல் ஸ்பேனரையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினான். போன் சார்ஜில் கிடந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

இருபதடி இறங்கியிருப்பான். பாறை வழுக்கியது. உருண்டு போய்ச் சரிவில் விழுந்தான். ஒரு பெரிய கல் புரண்டு வந்து இடது காலின் மேல் உட்கார்ந்துகொண்டது. டார்ச் எங்கோ போய்விட்டது.

அந்த நிமிஷத்தில் சத்தம் நின்றது.

கத்திப் பார்த்தான். விலா எலும்பு முறிந்திருந்தது, மூச்சுதான் வந்தது, குரல் வரவில்லை. ஸ்பேனர் மட்டும் கையில் இருந்தது. அதைக் கொண்டு பாறையில் தட்டினான். நாலு தட்டலாம், அஞ்சு தட்டலாம்... கை கேட்கவில்லை. இரண்டு தட்டியது, நின்றது, ஒன்று தட்டியது. மாற்றித் தட்டிப் பார்த்தான். முடியவில்லை.

மேலே ஒரு வண்டி வரும் சத்தம் கேட்டது. உயிர் வந்தது. விடாமல் தட்டினான். வண்டி மெதுவானது... அவன் தோளில் ஏதோ வந்து விழுந்தது. சின்னதாக, ஈரமாக. தடவி எடுத்து மோந்து பார்த்தான்.

எலுமிச்சம்பழம்.

வண்டி போய்விட்டது. அடுத்த வண்டி வந்தது. அடுத்த பழம். ஆளில்லாத ஜீப் மேலே நிற்பதைப் பார்த்து எவனாவது இறங்கியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். ஆளில்லாத ஜீப்பைப் பார்த்தால் பயம் கூடுமா, குறையுமா? விடிய விடியத் தட்டினான். பழம் விழுந்துகொண்டே இருந்தது. நாமும் இதைத்தானே செய்தோம் என்று அழுதுகொண்டே தட்டினேன் என்றான் என்னிடம்.

காலையில் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன ஜீப்பில் அழகுத்தாய் என்ற பெண்ணுக்கு வாந்தி வந்தது. அதனால்தான் அந்த வண்டி நின்றது. ஓரமாகக் குனிந்தவள் கீழே சட்டையைப் பார்த்துக் கூச்சல் போட்டாள். தூக்கும்போது அவனைச் சுற்றிப் பதினோரு பழங்கள் கிடந்தன.

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை போனது. சீட்டும் போனது. சித்ரா இப்போது சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பில் நிற்கிறாள். டூரிஸ்டுகளை அங்கே இறக்கிவிட்டால் நான் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிடுவேன்.

மறு வாரம் ஸ்ரீஜித்தே தேடி வந்தார், நல்ல மனிதர். லயத்து வீட்டில் பெரிய டிரம்மைப் புரட்டினார். டார்ச் அடித்தார். தன் போனில் இருந்த படத்தைப் பார்த்தார், மறுபடி டிரம்மைப் பார்த்தார்.

"நீங்க அனுப்புன படத்துல ஒரு எடத்துலதானுங்க குழி இருந்துச்சு."

இப்போது இரண்டு இடம். பக்கத்திலேயே, அதே உள்ளங்கை அகலம். ரெண்டு, ஒண்ணு. ரெண்டு, ஒண்ணு. அன்று ராத்திரி டிரம், மேலே சாலையில் நின்ற ஜீப்பில், சாக்குக்குள், கட்டிய கட்டு அவிழாமல் கிடந்தது. முனீஸ்வரன் தட்டியது பாறையில். ஸ்ரீஜித் விலை எதுவும் சொல்லவில்லை. ஊற்றி வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் மலை இறங்கிவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை முனீஸ்வரனைப் பார்க்கப் போனேன். ஊன்றுகோலால் டிரம்மைக் காட்டி, "பாரு" என்றான். பார்த்தேன். மூன்றாவதாக ஒரு இடம் ஆரம்பித்திருக்கிறது. இரண்டு குழி. கொஞ்சம் இடைவெளி. ஒரு குழி. அவ்வளவுதான், இப்போதைக்கு.

"அன்னைக்கு ராத்திரி ஏழரைக்குப் போன வண்டி உன்னோடதுதானப்பா? சைலன்சர் சத்தம் எனக்குத் தெரியாதா?"

ஆமாம், என்னுடையதுதான். என் டேஷ்போர்டில் அன்று ஒரு பழம்தான் இருந்தது, அதை எறிந்துவிட்டுத்தான் போனேன்.

மரத்தை எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது, விசில் கேட்கிறது. எல்லாரும் வண்டியில் ஏறுங்கள். குழந்தையை நடுவில் உட்கார வையுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்... ஆறாவது வளைவில் கீழே இருந்து சத்தம் கேட்டால், நிறுத்தட்டுமா, வேண்டாமா? நீங்களே இப்போதே சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரியவில்லை.