நாளைக்குத் திறக்கறேன்னு சொன்ன குழாய்

உங்களுக்கும் கேட்டுச்சாக்கா அந்தச் சத்தம்? பாம்பெல்லாம் இல்ல, உள்ள வாங்க கண்ணகியக்கா. கொல்லைக் குழாயைத் திறந்தேன். காத்து உஸ்ஸுனு சீறிச்சு, தொட்டில்ல ஜெய்பு அலறிட்டா. அப்புறம்தான் தண்ணி வந்துச்சு.

ஆமா, நான்தான் திறந்தேன். வூட்டுல குழாயை வச்சுகினு தெருவுல குடத்தோட நிக்கறியே, இன்னா பைத்தியம்டி நீன்னு நீங்களே திட்டியிருக்கீங்க.

இது எங்க வீட்டுக்காரர் ஒட்டினதுக்கா. கடல் காத்துக்கு இரும்பு துருப்பிடிக்குதுன்னு பிளாஸ்டிக் குழாய் வாங்கியாந்தாரு. கோவளத்துலயே நம்ம வீட்டுலதான் முதல்லன்னு ஒரே பீத்தல். முனையை உப்புத்தாளால தேய்ச்சு, ஏதோ மருந்துத் தண்ணி தொட்டுத் துடைச்சு, பசை தடவி, உள்ள தள்ளி லேசா ஒரு திருகு. உடனே விடக்கூடாதாம், விட்டா வெளிய தள்ளிக்குமாம். புடி புடின்னு என் கையையும் சேத்து அமுக்கினாரு. நீ படிச்ச கான்வென்ட்ல குழாய் புடிக்கவும் சொல்லிக் குடுத்தாங்களான்னு கிண்டல் வேற. அந்தப் பசை நாத்தத்துல எனக்குத் தலையே சுத்துச்சு. காயட்டும், நீ தொடாத, நாளைக்கு நானே வந்து திறக்கறேன்னுட்டு முட்டுக்காட்டு வேலைக்குப் படகு ஏறினாரு.

படகு கவுந்தது உங்களுக்குத் தெரியாததா.

உடம்பு கிடைக்கலல்ல? அதான், வந்துடுவாருன்னு... ராத்திரில கதவைச் சாத்தி மட்டும் வைப்பேன். தாழ்ப்பாள் போட்டா, அவர் தட்டறது கேக்காமத் தூங்கிடுவேனோன்னு பயம். போடலன்னா, கைக்குழந்தையோட தனியாக் கிடக்கறோமேன்னு அதுவும் பயம்.

சாயங்காலம் ஏசுபாதம் அண்ணன் வந்தாரு. ஆமா, அதே படகுல பொழைச்சவரு. இத்தனை நாள் என் மூஞ்சில முழிக்க முடியலயாம். முகத்துவாரத்துல எங்க வீட்டுக்காரர் கையைப் புடிச்சிகினே இருந்தாராம். அலை ஒண்ணு வந்துச்சாம். வுட்டுட்டம்மா, என் கண்ணு முன்னாலயே முழுகிட்டாருன்னு அழுதாரு. டீ போட்டுக் குடுத்தேன். அவர் போனதும்தான் கொல்லைக்குப் போனேன்.

எங்க, ஒட்டுல கை வச்சுப் பாருங்க. ஒரு சொட்டு ஒழுகலல்ல?

நாளைலேர்ந்து வரிசையில எனக்கு இடம் புடிக்க வேணாம்க்கா. புருஷன் மௌத்தாப் போயிட்டா எங்க மார்க்கத்துல நாலு மாசம் பத்து நாள் வெளிய வரக்கூடாது. இத்தான்னு சொல்லுவோம். சொந்தக்காரங்க அவ்ளோ சொல்லியும் உட்கார மாட்டேன்னு குடத்தைத் தூக்கினு வந்தேன். இனிமே தண்ணிக்குன்னு வெளிய வர வேணாமே.

அழாதீங்க. ஜெய்பு முழிச்சிக்குவா. நேரமாவுது, கிளம்புங்க. படியில ஈரம், பார்த்து.

இன்னாக்கா, சத்தம் கேட்டுத் திரும்பிட்டீங்களா? தாழ்ப்பாள்தான். போட்டுட்டேன்.