அறுபத்தொரு பேர் நேரலையில்

ஹலோ… ஹலோ… இல்ல, அம்மா இல்ல. அவங்க வீட்டுக்காரர் பேசறேன்… படம் வந்துடுச்சாவா? எந்தப் படம்? அதெல்லாம் அப்புறம். இது கேபிள் ஆபீஸ்தானே? சின்னதம்பி அவர்கள்தானே?… நல்லது. நான் வேதசிரோமணி. எம்.ஏ., பி.எட். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கிராண்ட் மெடோஸ் குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர்… ஆமா. ஆமா, அந்த வேதசிரோமணிதான்.

…

வெச்சிடாதீங்க. வெச்சிடாதீங்க சின்னதம்பி, நான் சண்டைக்குக் கூப்பிடல. உங்க லோக்கல் சேனல்ல கீழே எழுத்து ஓடுமே, மரண அறிவிப்பு, அது இன்னும் ஓடுதா?… ஓடுது. நல்லது. அதுல ஒண்ணு போடணும். இப்பவே போடணும். எழுதிக்கிறீங்களா? டிக்டேஷன் மாதிரி மெதுவாத்தான் சொல்லுவேன். "பம்மல் கிராண்ட் மெடோஸ் குடியிருப்போர் நலச்சங்கத்தின் நிறுவனத் தலைவரும்", கமா போடுங்க, "மாவட்ட நல்லாசிரியர் விருது பெற்றவரும்", கமா, "திருச்சபை பாஸ்டரேட் கமிட்டியின் முன்னாள் செயலாளரும்"… இருங்க, இன்னும் இருக்கு. "ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியருமான திரு. எஸ். வேதசிரோமணி அவர்கள்"… என்னது?

நான் சாகல. நான்தானே பேசிக்கிட்டிருக்கேன்… முழுசாக் கேளுங்க சார். "வேதசிரோமணி அவர்களின் அன்புத் துணைவியார்"…

…

ம்.

ம்… ஆமா. ஞானஜோதிதான்.

காலையில. ஆறு மணி இருக்கும். காப்பி போட எழுந்து போனா. லைட்டர் சத்தம் கேட்டுது. அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல. நான் பேப்பர் பாத்துக்கிட்டிருந்தேன். காப்பி இன்னும் வரலையேன்னு ரெண்டு தடவை குரல் கொடுத்தேன்… கோவமாத்தான் கொடுத்தேன்.

டாக்டர் வந்து பாத்துட்டு சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டாரு.

…

நேத்தா? நேத்து உங்ககூடப் பேசினாளா? எதுக்கு?… படம் புள்ளி புள்ளியா வருதுன்னா? சின்னதம்பி, நீங்க வேற யாரையோ சொல்றீங்க. எங்க வீட்டுல கேபிள் கிடையாது. எங்க வளாகத்துலயே கிடையாது. தொண்ணூத்தாறு வீட்டுலயும் ஓடிடிதான். மூணு வருஷம் முன்னால குடியரசு தினத்தன்னைக்கி, கொடி ஏத்தின கையோட, நானே வெட்டிவிட்டேன். நீங்ககூட கேட்டுக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டிருந்தீங்க… ஆமா, வெள்ளித் தட்டுல கட்டிங் பிளையர். ஆமா, எல்லாரும் கை தட்டினாங்க… பேசினேன். "இன்று அறுபடுவது வயர் அல்ல, அடிமைச் சங்கிலி"ன்னு பேசினேன். அதுக்கு என்ன இப்ப?… சரி. சரி. பேசினேன்.

சமையல்கட்டுலயா?

இருங்க, போய்ப் பாக்கறேன்… அது ஒரு பழைய டப்பா டிவி. மிக்ஸிக்குப் பின்னாடி கிடக்கும். பென்டிரைவ் போட்டுப் பாமாலை கேக்கறேம்பா. நான் உள்ள வந்தா பாட்டுதான் ஓடும்… பின்பக்கமா? பின்பக்கம் கை வெச்சா… வயரு ஒண்ணு வருது. அரிசி டப்பாவை முன்னால தள்ளி மறைச்சு வெச்சிருக்கா. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை வழியா வெளிய போகுது.

மூணு வருஷமாவா?

யாரு இழுத்தது இத்தனை உசரத்துக்கு?… நீங்களேவா. நான் எங்க இருந்தேன்?… ஓ. ஜெனரல் பாடி மீட்டிங். அந்த மீட்டிங்லதான் நான், "நம் வளாகத்தில் இனி ஒரு முழம் கேபிள்கூட இல்லை"ன்னு… சிரிக்கிறீங்களா?… அழறீங்களா? சரி, சரி. அழாதீங்க.

எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஹால்ல பெரிய டிவி இருக்கு. பதினாலு ஆப் இருக்கு. கனடாவுலேர்ந்து எங்க பையன் ஷெர்வின் போட்டுக் கொடுத்தது. கொரியாக்காரன் தமிழ் பேசறான் அதுல. அதை விட்டுட்டு இந்த டப்பாவுல என்ன பாத்தா?… கீழே ஓடறதையா? அதை மட்டுமா?

…

தினமும் சாயங்காலம் பாத்துட்டு… மறுநாள் அந்த வீட்டுக்குப் போயிடுவாளா? நாகல்கேணி தோல் ஷெட்டுப் பக்கமெல்லாமா?… எங்கிட்ட சர்ச்சுல பெண்கள் ஐக்கியக் கூட்டம்னு சொல்லுவா. வாரத்துக்கு நாலு நாள் என்ன கூட்டம்னு நான் கேக்கல. எனக்கு சங்க வேலை.

உங்க அம்மாவுக்கா? உங்க அம்மா எப்ப தவறினாங்க?… போன வருஷம் மழையிலயா? எனக்குத் தெரியாதே. தெரிஞ்சிருந்தா நான்… இல்ல, தெரிஞ்சிருந்தாலும் வந்திருக்க மாட்டேன். பொய் எதுக்கு… ம்… ம்… முழங்கால் தண்ணியிலயா வந்தா?… வந்தவங்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தாளா… ம்… கேக்குது, கேக்குது. சொல்லுங்க.

…

இந்த நம்பரா? பொன்னி அடிச்சுக் கொடுத்தா. கோவளத்துலேர்ந்து மீன் கொண்டுவருவாளே, அவதான். பின்கேட்டுல வழக்கம்போலக் குரல் கொடுத்திருக்கா, அம்மா எட்டிப் பாக்கலன்னதும் மேல ஏறி வந்துட்டா. கூடையை வாசல்லயே வெச்சுட்டு உக்காந்திருக்கா. அவதான், "சின்னதம்பி அண்ணங்கிட்ட சொல்லு சார், எழுத்துல ஓட்டுவாரு, அப்பதான் ஜனம் வரும்"னா. ஞானஜோதி போனைப் பொன்னிதான் எடுத்தா. லாக் நம்பர்கூட அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல.

சரி, நேரம் ஆவுது. நாலு மணிக்கு எடுக்கணும். இப்பவே ரெண்டே முக்கால்… இன்னைக்கேதான். ஷெர்வினால வர முடியாது, பாஸ்போர்ட்டை விசாவுக்குக் கொடுத்து வெச்சிருக்கான். போதகருக்கு நாளைக்கு வெளியூர்ல கூட்டம். அப்புறம் யாருக்காகக் காத்திருக்க?

கூட்டமா? கூட்டத்துக்கு என்ன, இருக்கு. அறுபத்தொரு பேர்.

…

ஹால்ல இல்ல. நேரலையில. ஷெர்வின் சொல்லச் சொல்ல எம் போனை ஸ்டாண்டுல மாட்டி, நான்தான் ஆன் பண்ணேன். மூலையில ஒரு கண்ணு படம், பக்கத்துல நம்பர். அறுபத்தொண்ணு. இருங்க, எட்டிப் பாக்கறேன்… அம்பத்தெட்டு. சாப்பிடப் போயிருப்பாங்க.

ஹால்ல யாருன்னா, நான். பொன்னி. எங்க அண்ணி, அவங்களுக்கு எழுபத்தாறு வயசு. அப்புறம் செகரட்டரி தோத்தாத்ரி வந்தாரு. சவப்பெட்டியைப் பாத்ததும் அவருக்கு முதுகெலும்பு டிஸ்க் ஞாபகம் வந்துடுச்சு. நாற்காலி ஓரமா சாஞ்சுக்கிட்டு இருக்காரு… நாற்காலி நூத்தம்பது. நான்தான் வாடகைக்குச் சொன்னேன். கீழே போர்ட்டிகோவுல வரிசையாப் போட்டிருக்கு. நாய் ஒண்ணு படுத்திருக்கு.

இல்ல, வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன். காலையிலேயே போட்டேன். இங்கிலீஷ்லயும் தமிழ்லயும். அம்பது கும்பிடு வந்துது… ஆனா நெறைய பேரு குரூப்பை மியூட்ல வெச்சிருக்காங்கன்னு தோத்தாத்ரி சொல்றாரு. நான் தினமும் முப்பது செய்தி அனுப்பறேனாம். நல்லொழுக்கம், தண்ணி சிக்கனம், பார்க்கிங்… பயனுள்ளதுதானே எல்லாம். பாத்தவங்களும் லிங்க் கேட்டாங்க. ஏ பிளாக் அனந்தகிருஷ்ணன் எதிர் பால்கனி. இங்கேர்ந்து செருப்பு வீசினா அவர் வீட்டுல விழும். அவரும் லிங்க்லதான் இருக்கார். "சார், ஆடியோ கிளியரா இல்ல"ன்னு எழுதியிருக்கார். இன்னொருத்தர் நடுநடுவுல விளம்பரம் வருதுன்னு எழுதியிருக்கார்.

நான் யாரைக் குத்தம் சொல்ல முடியும்? கொரோனா சமயத்துல, "துக்கத்தில் பங்கேற்க உடல் வர வேண்டியதில்லை, உள்ளம் வந்தால் போதும்"னு சர்க்குலர் அனுப்பினதே நான்தான். அது முடிஞ்ச பிறகும் நான் அதை வாபஸ் வாங்கல. போன மாசம் நாலாவது மாடியில ஒருத்தர் போனாரு. நானும் லிங்க்லதான் பாத்தேன். சாப்பிட்டுக்கிட்டே.

…

என்ன வேணும்னு நேரா கேக்கறீங்களா? சரி. நேரா சொல்றேன்.

தூக்க ஆள் இல்ல.

பெட்டி லிஃப்டுக்குள்ள போகல. நிமித்திப் பாத்தோம், சாச்சுப் பாத்தோம்… இல்ல இல்ல, வெறும் பெட்டியைத்தான். கொண்டு வந்தவங்க ரெண்டு பேர் படி வழியா ஏத்திட்டுக் கிளம்பிட்டாங்க. வெறும் பெட்டி, லேசா இருந்துது. இப்ப அவ அதுல இருக்கா. மூணு மாடி இறக்கணும், படி குறுகல். குறைஞ்சது ஆறு பேர். வாட்ச்மேனைக் கேட்டேன். கேட்டை விட்டு நகரக் கூடாதுன்னு நீங்கதானே சார் எழுதிப் போட்டிருக்கீங்கங்கறான். எழுதிப் போட்டிருக்கேன்.

அதான் சின்னதம்பி. உங்க வரியைப் பாத்துட்டு ஒரு ஆறு பேர் வந்தாப் போதும். இருக்காங்களா அந்த மாதிரி? இன்னும் கேபிள் பாக்கறவங்க?… இருக்காங்களா. எத்தனை வீடு?… சரி, எத்தனையா இருந்தா என்ன.

…

நீளமா இருக்கா? ஸ்க்ரோல் பாதியிலேயே வெட்டிடுமா. சரி, "நிறுவனத் தலைவர்" வேணாம், எடுத்துடுங்க… நல்லாசிரியர் விருதையும் எடுத்துடுங்க. மாவட்ட அளவுதானே… பாஸ்டரேட் கமிட்டி முன்னாள்தான். போகட்டும்… இன்னுமா? அப்ப "ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் வேதசிரோமணியின் மனைவி"ன்னு மட்டும்… ஏன்? அப்படிப் போட்டா யாரு செத்தாங்கன்னு தெரியாதா? பம்மல்ல என்னைத் தெரியாதா?

…

தெரியாது. ஆனா அவளைத் தெரியும்.

எப்படித் தெரியும்? என்னன்னு கூப்பிடுவாங்க அவளை?… "சாவுக்கு வர்ற டீச்சரம்மா"வா. அவ டீச்சரே இல்லையே. நான்தானே வாத்தியார்… சரி. போடுங்க. எப்படிப் போட்டா தெரியுமோ அப்படிப் போடுங்க. எம் பேரு வேணாம்.

ஏன் உங்களுக்கு மூச்சு வாங்குது?… நடந்துக்கிட்டே பேசறீங்களா? அப்ப யாரு டைப் அடிக்கறது?… சுபத்ராவா, ஆபீஸ்ல இருக்கற பொண்ணு. கத்திச் சொல்லிட்டு வந்துட்டீங்களா. சரி… டிவியைப் போடவா? எந்த பட்டன்?… சிவப்பு. வந்துது. ஏதோ நகைக்கடை விளம்பரம்… கீழே ஓடுது. "பொழிச்சலூர், கன்னியம்மாள், 68"… அது வேற யாரோ. போச்சு. ஒரு பிறந்தநாள் வாழ்த்து…

…

வந்துது.

"ஞானஜோதி டீச்சரம்மா. நம் எல்லோர் வீட்டுக்கும் வந்தவர். இன்று நான்கு மணிக்கு."

அவ்வளவுதானா… போதும். அவ்வளவுதான்.

நெஜமாவே படம் புள்ளி புள்ளியாத்தான் வருது சின்னதம்பி. நேத்து எங்கிட்டயே சொல்லியிருந்தா நான்… நான் அந்த வயரையும் வெட்டியிருப்பேன்.

…

எங்க நிக்கறீங்க?… எங்க கேட்டுலயா! யாரெல்லாம்?… கம்பம் ஏறுவாங்களே உங்க பசங்க, அவங்களா? அவங்க இப்ப சாப்பாடு டெலிவரி போறதாத்தானே கேள்விப்பட்டேன்… ஆமா, நான் வெட்டினப்புறம்தான். தெரியும். டீக்கடையில ஆர்டருக்கு நின்னுக்கிட்டிருந்தாங்களா. எத்தனை பேரு?… உங்களோட சேத்து அஞ்சு. என்னோட ஆறு. போதும். போதும் சின்னதம்பி, மேல வாங்க.

ஏன்? ஏன் விடமாட்டேங்கறான்?… போர்டா. என்ன போர்டு… ஆமா. "கேபிள் ஆட்களுக்கு அனுமதி இல்லை. இப்படிக்கு, தலைவர்." நான்தான். அவன்கிட்ட போனைக் குடுங்க, நான் சொல்றேன்… குரல் செல்லாதா? தலைவர் போன்ல ஓகே அமுக்கினாத்தான் கேட் திறக்குமா?… அதுவும் நான் கொண்டு வந்த முறைதான். சரி, அமுக்கறேன். எம் போன் எங்க…

எம் போன் ஸ்டாண்டுல இருக்கு. நேரலையில.

இருங்க, கிட்ட போறேன்… திரையில வந்து நிக்குது. "கேபிள், ஐந்து நபர்கள்." அதை அமுக்கினா நேரலை நின்னுடுமாம், சரியான்னு கேக்குது… டேய் ஷெர்வின், இரு. எழுத்துல கத்தாத. நீ எழுதறது எல்லாம் இங்க தெரியுது. மறைக்காதீங்கப்பான்னா என்ன பண்றது, இது உங்க அம்மாடா… தெரியும். எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க. பாத்துக்கிட்டு மட்டும்தான் இருக்காங்க…

சின்னதம்பி, லைன்ல இருக்கீங்களா? போயிடாதீங்க… இதோ.

நிறுத்திட்டேன்.

இந்தத் தடவை யாரும் கை தட்டல.

…

திறந்துடுச்சா? வாங்க. செருப்பைக் கழட்ட வேணாம், அப்படியே வாங்க. ரெண்டாவது மாடித் திருப்பத்துல சுவரு இடிக்கும், பாத்து… கேக்குது, படியில சத்தம் கேக்குது. தலைமாட்டை நீங்க பிடிங்க. கால்மாட்டை நான் பிடிச்சுக்கறேன். எனக்கு அவ்வளவுதான் பாத்தியதை…

கதவு திறந்துதான் இருக்கு. வெச்சிடறேன்.