ஓடும் எழுத்தில் ஒளிந்திருந்த எண்

இந்த அவைக்குத் தலைமையேற்று, இன்று என் பேச்சில் வசமாக மாட்டிக்கொள்ளப்போகிற அன்புத் தலைவர் நஞ்சுண்டன் அவர்களே, பனி கொட்டும் பாதையிலும் பட்டுச்சேலை நனையாமல் வந்து சேர்ந்த பாசமிகு தாய்மார்களே, காரை எங்கே நிறுத்தினோம் என்ற கவலையோடே கைதட்டும் கண்ணியமிக்க பெரியோர்களே, தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் சிரிக்கும் செல்லக் குழந்தைகளே, ராரிட்டன் ஆற்றங்கரைத் தமிழ்ச் சங்கத்தின் உறவுகளே, உங்கள் அனைவருக்கும் வாஞ்சிநாதனின் 2007ஆம் ஆண்டுப் பொங்கல் வணக்கம்.

'இணையதள வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்.' இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. பொங்கல் விழாவில் இது தேவையா என்று முன்வரிசையில் ஒரு அங்கிள் முகம் சுளிப்பது தெரிகிறது. பொறுங்கள் அங்கிள், பட்டிமன்றம் எனக்கு அடுத்துதான். ஆனால் அதற்கு முன் ஒரு தீர்மானம் வரப்போகிறது. நம் சங்கத்தின் 'உதவிக்கரம்' தொலைபேசிச் சேவையை இன்றோடு மூடிவிடலாம் என்ற தீர்மானம். காரணம்? ஓராண்டாக ஒருவர்கூட அழைக்கவில்லையாம். அதில் நீங்கள் கை தூக்குமுன், என் பேச்சுக்குக் கொஞ்சம் காது கொடுங்கள்.

நம் பழைய இணையதளத்தை நினைத்துப் பாருங்கள். திறந்தவுடன் இருட்டு. இருட்டில் ஒரு குத்துவிளக்கு. ஒவ்வொரு திரியாக அது எரியும். எரிந்து முடிந்ததும் தாமரை மலரும். மலர்ந்த தாமரைக்குள்ளிருந்து தலைவர் வருவார். அவர் பின்னே துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர், போன வருடத்துப் பொருளாளர், எல்லோரும் மாலையும் கழுத்துமாக வருவார்கள். பின்னணியில் நாதஸ்வரம் முழங்கும். நிறுத்தப் பொத்தான் தேடினால் கிடைக்காது. சிரிக்காதீர்கள், தலைவரும் சிரிக்கிறார். முந்தின வருடத் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முழுக்கத் தூங்காமல் அதைச் செய்தவர் அவர். அன்பு குறைந்து செய்த தவறல்ல அது, அன்பு அதிகமாகிச் செய்த தவறு.

மேடையில் நாம் வணக்கம் சொல்லித்தான் தொடங்குவோம். சொல்லாவிட்டால் நமக்குச் சோறு செரிக்காது. ஆனால் இணையதளம் மேடையா? அங்கே வருகிறவர் நம் பேச்சைக் கேட்கவா வருகிறார்? அவசரமாக ஒன்றைத் தேடி அல்லவா வருகிறார்? இங்கே நாம் செய்கிற மரியாதையை அங்கேயும் செய்து, வந்தவரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டோம்.

யாரை நிற்க வைத்தோம் தெரியுமா? போன நவம்பரில் மெஹர் நிஷா என்ற தங்கையை.

கணவர் அப்துல் ரஹீமோடு ஊரிலிருந்து இங்கே வெஸ்ட் வின்ட்சருக்கு வந்து அவருக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. கார் ஓட்டத் தெரியாது. பக்கத்து வீட்டார் பெயர் தெரியாது. அன்று காலை ரஹீமுக்கு ஆபீஸில் தாங்க முடியாத வயிற்றுவலி. அங்கிருந்தே ஆஸ்பத்திரி, உடனே ஆபரேஷன். உள்ளே போகுமுன் மனைவிக்குப் போன் செய்தார். "நிஷா, பயப்படாத. தமிழ்ச் சங்கம் வெப்சைட்ல ஹெல்ப் நம்பர் இருக்கும். அவங்களைக் கூப்பிடு, யாராவது அஃப்சானாவைப் பாத்துப்பாங்க, நீ இங்க வந்துரு." அவ்வளவுதான். அதற்குள் அவரை அழைத்துப் போய்விட்டார்கள்.

அஃப்சானா அவர்களுடைய நான்கு வயது மகள். வீட்டில் கணினி இல்லை. இருந்த லேப்டாப் ஆபீஸில். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, குளிர்காற்றில் நடந்து, பொது நூலகத்துக்குப் போனார் அந்தத் தாய். நம் தளத்தைத் திறந்தார்.

விளக்கு எரிந்தது. தாமரை மலர்ந்தது. தலைவர் வந்தார். அங்கே கணவர் ஆபரேஷன் தியேட்டரில், இங்கே பொருளாளருக்கு மாலை. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் முகப்புப் பக்கம் வந்தது. வந்ததே, தமிழ் வந்ததா? நமக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்தோம். அதை இறக்கி நிறுவினால்தான் தமிழ் தெரியும். நூலகக் கணினியில் எதை நிறுவ முடியும்? கொம்பும் புள்ளியும் முளைத்த ஆங்கில எழுத்துகள்தான் திரை முழுக்க. ஒரு வார்த்தை புரியவில்லை.

எண் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கே இருந்தது? அடியில் ஓடுகிற எழுத்தில். ஓக் ட்ரீ ரோட்டுச் சேலைத் தள்ளுபடிக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவே அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. எது சேலைக்கடை எண், எது உதவி எண் என்று எப்படித் தெரியும்? பென்சில் எடுப்பதற்குள் அது ஓடிவிட்டது. மறுபடி வந்தது, மறுபடி ஓடிவிட்டது.

அந்தப் பக்கத்தின் மூலையில் 'நீங்கள் இத்தனையாவது பார்வையாளர்' என்று ஒரு எண் ஏறிக்கொண்டே இருக்கும். பொதுக்குழுவில் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறோம். உறவுகளே, அந்தக் கணக்கில் மெஹர் நிஷாவும் ஒருவர். வாசல்வரை வந்து திரும்பிப் போனவர்களை எல்லாம் வந்தவர்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது.

பிறகு என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஊசி விழுந்தால் கேட்கிற அந்த நூலகத்தில் நம் நாதஸ்வரம் மட்டும் நிற்காமல் முழங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்க்க, அவமானத்தில் எழுந்துவிட்டார் மெஹர் நிஷா. அப்போது பத்திரிகைப் பகுதியிலிருந்து ஒரு குரல். "ஏம்மா, நீ தமிழா? ஏன் அழுவுற?" நம் தனபாக்கியம் ஆன்ட்டி. அதோ, மூன்றாவது வரிசையில் முகத்தை மூடிக்கொள்கிறாரே, அவர்தான்.

பார்த்தாயா, என் நாதஸ்வரம்தான் காப்பாற்றியது என்று தலைவர் சைகை காட்டுகிறார். ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் எல்லா நூலகத்திலும் உட்கார வைக்க நம்மிடம் எத்தனை தனபாக்கியம் ஆன்ட்டி இருக்கிறார்கள்?

ஆன்ட்டி உடனே உதவிக்கரம் பொறுப்பாளர் கிருபாராணி அக்காவை அவர் வீட்டு எண்ணில் கூப்பிட்டார். பக்கத்துத் தெருவில் இருந்தவர், போட்ட ஸ்வெட்டரோடு ஓடி வந்தார். அன்று மாலை அஃப்சானா, கிருபாராணி அக்கா வீட்டில் தோசை சாப்பிட்டாள். கண்விழித்த ரஹீமின் கட்டிலருகே மெஹர் நிஷா இருந்தார்.

அப்போது அக்கா சொன்னதை ஆன்ட்டி என்னிடம் சொன்னார். "நான் சர்ச்சுக்குப் போனாலும் இந்த போனைக் கையில வச்சிருப்பேன். ஒருத்தரும் கூப்பிடல. ரிப்பேரோன்னு வீட்டு போன்லருந்து நானே இதுக்கு அடிச்சுப் பாப்பேன். அடிக்கும். சரி, நம்ம உதவி யாருக்கும் வேண்டாம் போலன்னு விட்டுட்டேன்."

உதவி கேட்க ஒருவர், உதவி செய்ய ஒருவர். இருவரும் அருகருகே. இருவருக்கும் நடுவே எது நின்றது? விளக்கு நின்றது, தாமரை நின்றது, மாலைகள் நின்றன, நாம் நின்றோம். அழைப்பு வரவில்லை என்றால் ஆள் இல்லை என்றா பொருள்? வழி இல்லை என்று பொருள். நாள் முழுக்கச் சொல்ல எனக்கு வடிவமைப்பு விதிகள் தெரியும். அத்தனைக்கும் அடியில் இருப்பது இது ஒன்றுதான். தேடி வருகிறவரின் கையில், தேடி வந்ததை முதலில் கொடுங்கள். நம் படத்தைப் பிறகு காட்டிக்கொள்ளலாம்.

போன வாரம் புதிய தளம் வந்துவிட்டது. எந்தக் கணினியிலும் தெரிகிற தமிழ். முதல் வரியில், ஓடாமல் நிற்கிற ஒரே எண். தலைவரின் தாமரை உள்ளே ஒரு பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது.

கிருபாராணி அக்காவுக்கு இந்த மேடையில் பொன்னாடை போர்த்துவதாக இருந்தோம். அவர் நாற்காலி ஏன் காலி என்று பலர் கேட்டீர்கள். வரவேற்புப் பாடல் நடந்தபோது அவர் போன் அடித்தது. பக்கத்து ஐசலினில், ஊரிலிருந்து வந்த அப்பா பனியில் வழுக்கி விழுந்துவிட்டாராம். கைக்குழந்தையோடு மகள் தனியாக இருக்கிறாராம். "புது வெப்சைட்ல பாத்தேன்னு சொன்னாங்க" என்று என் காதில் சொல்லிவிட்டு, பட்டுச்சேலையோடு பார்க்கிங் பக்கம் ஓடினார் அக்கா. தீர்மானத் தாளைத் தலைவர் மடித்துச் சட்டைப்பையில் வைப்பதை இப்போது பார்க்கிறேன்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி, பெருந்தன்மையோடு சிரித்த தலைவருக்கு இருமடங்கு நன்றி. அக்கா வர நேரமாகும். அவருக்குக் கொஞ்சம் சாப்பாடு எடுத்து வையுங்கள். வணக்கம்.